குழந்தை தன் உணர்வுகளைக் கையாளக் கற்க, சிகிச்சையை முழுமையாகப் பயன்படுத்துவது எப்படி?

தொலைக்காட்சியை நிறுத்திய கணத்தில் தரையில் விழுந்து கதறும் ஐந்து வயதுக் குழந்தையையும், ஒரு கணக்கு தவறியதும் நோட்டுப் புத்தகத்தைக் கிழித்தெறியும் ஒன்பது வயதுக் குழந்தையையும் பார்ப்பவர்கள், அவர்கள் வேண்டுமென்றே அப்படி நடந்துகொள்வதாகவே பெரும்பாலும் எண்ணிவிடுகிறார்கள். அந்த எண்ணத்திலிருந்து திட்டும் தண்டனையும் பிறக்கின்றன. அவற்றால் அந்த நேரத்துச் சத்தம் அடங்கலாம். ஆனால் அடுத்த முறை ஏமாற்றம் வரும்போது என்ன செய்வது என்பதைக் குழந்தை அப்போதும் கற்றிருக்காது. உணர்வுகளைக் கையாள்வதும் தன்னைத் தானே நிலைப்படுத்திக்கொள்வதும் பல ஆண்டுகளில் படிப்படியாகக் கற்றுத் தேற வேண்டிய திறன்கள். அவற்றைக் கற்றுக்கொடுப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட சிகிச்சைமுறைகள் இருக்கின்றன. அவற்றைத் தேர்ந்தெடுப்பதற்கும், தொடங்கிய சிகிச்சை பலனளிக்கும்படி பார்த்துக்கொள்வதற்கும் பெற்றோர் செய்ய வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன். வாரத்திற்கு ஒரு மணி நேரம் சிகிச்சை அறையில் நடப்பதைக் காட்டிலும், மீதி நேரத்தில் வீட்டில் நடப்பதே முடிவைத் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. கட்டுரையின் பெரும்பகுதி வீட்டைப் பற்றியதாகவே இருப்பதற்கு அதுவே காரணம்.

குழந்தையிடம் நாம் எதைக் கேட்கிறோம்?

"கொஞ்சம் உன்னைக் கட்டுப்படுத்திக்கொள்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அதைச் செய்ய வேண்டுமானால், நெஞ்சு படபடப்பதையும் முகம் சூடாவதையும் கை இறுகுவதையும் குழந்தை முதலில் கவனிக்க வேண்டும். வந்திருப்பது கோபமா, பயமா, வெட்கமா, ஏமாற்றமா என்று பிரித்தறிய வேண்டும். கையை ஓங்கத் தூண்டும் உந்துதலைச் சில நொடிகளாவது தள்ளிவைக்க வேண்டும். வேறொரு வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் பழைய நிலைக்குத் திரும்பவும் வேண்டும். ஒரு குழந்தைக்கு உணர்வைப் பெயரிட்டுச் சொல்லத் தெரிந்திருக்கும், உந்துதலை நிறுத்த வராது. இன்னொரு குழந்தை எதையும் வெளிக்காட்டாமல் அடக்கிவைத்து, வீடு திரும்பியதும் சிறு காரணத்துக்கு வெடித்துவிடும். எங்கே தடுக்கிறது என்பதைக் கண்டறிவதுதான் நல்ல சிகிச்சையின் முதல் வேலை.

திட்டமிடுதல், உந்துதலை நிறுத்துதல் போன்றவற்றில் முக்கியப் பங்கு வகிக்கும் முன்மூளைப் பகுதி இருபது வயதைத் தாண்டியும் முதிர்ச்சியடைந்துகொண்டிருக்கிறது. இந்தத் திறன்கள் மூன்று முதல் ஐந்து வயதுக்குள் வேகமாக வளர்வதால், இரண்டு வயதில் தினந்தோறும் நடந்த அழுகையும் அடமும் நான்கு, ஐந்து வயதில் பல குழந்தைகளிடம் தாமாகவே குறைகின்றன. அதுவரை, பெரியவரின் அமைதியைத் துணையாகக் கொண்டே குழந்தை அமைதியடைகிறது. 1970களில் எட்வர்ட் டிரானிக் நடத்திய ஆய்வுகளில், தாய் ஓரிரு நிமிடங்கள் எந்த உணர்ச்சியும் காட்டாமல் முகத்தை அசைக்காமல் இருந்தபோது, சில மாதக் குழந்தைகள் முதலில் சிரித்தும் கைநீட்டியும் அவரை ஈர்க்க முயன்றன. அது பலிக்காதபோது கலங்கி முகத்தைத் திருப்பிக்கொண்டன. குழந்தையின் அமைதி பெரியவரின் முகத்தையும் குரலையும் எவ்வளவு சார்ந்திருக்கிறது என்பதை அந்த ஆய்வுகள் தெளிவாகக் காட்டின. ஆகவே குழந்தைக்கான சிகிச்சையில் பெற்றோருக்கு இடமில்லை என்றால், அந்தச் சிகிச்சையில் முக்கியமான ஒன்று விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

வயதுக்கும் தேவைக்கும் ஏற்ற சிகிச்சை

இரண்டு முதல் ஏழு வயதுவரையுள்ள குழந்தைகளிடம் கடும் கோபமும் எதிர்ப்பும் இருந்தால், பெற்றோர்–குழந்தை ஊடாட்டச் சிகிச்சை நல்ல ஆய்வு ஆதாரம் உள்ள முறைகளில் ஒன்று. 1970களில் ஷீலா ஐபர்க் உருவாக்கிய இம்முறையில், பெற்றோரும் குழந்தையும் ஓர் அறையில் விளையாடுவார்கள். ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சிகிச்சையாளர் கவனித்து, பெற்றோரின் காதிலுள்ள சிறு கருவி வழியாக அந்தந்த நொடியில் என்ன சொல்லலாம், எதைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்று வழிகாட்டுவார். முதல் கட்டத்தில் விளையாட்டைக் குழந்தை நடத்துகிறது. உறவு வலுப்பட்ட பிறகே, தெளிவாகக் கட்டளையிடுவதும் எல்லையில் உறுதியாக நிற்பதும் கற்பிக்கப்படுகின்றன. இந்த வரிசை தற்செயலானதன்று, உறவு தளர்ந்திருக்கும்போது விதிக்கப்படும் கட்டுப்பாடு மோதலாகவே முடியும். ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தையிடம் ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகைச்செயல்பாடும் சார்ந்த குறைபாடு) இருந்தால், மருந்துக்கு முன்பாகப் பெற்றோருக்கான நடத்தை மேலாண்மைப் பயிற்சியையே முதல் சிகிச்சையாக அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது.

பேச்சில் சொல்ல முடியாததைப் பொம்மைகளையும் வண்ணங்களையும் கொண்டு வெளிப்படுத்த இடமளிப்பது விளையாட்டுவழிச் சிகிச்சை. வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1940களில் வளர்த்தெடுத்த வடிவத்தில், சிகிச்சையாளர் விளையாட்டை இயக்காமல் குழந்தையைப் பின்தொடர்கிறார். இழப்பையோ அதிர்ச்சியையோ சந்தித்த குழந்தைகள் பலருக்கு இது நல்ல தொடக்கமாக அமைகிறது. ஏழு, எட்டு வயதுக்குப் பிறகு, தன் எண்ணத்தைத் தானே கவனிக்கும் ஆற்றல் வளர்ந்துவிடுவதால், எண்ணம், உணர்வு, செயல் ஆகிய மூன்றின் தொடர்பைக் கற்பிக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பொருந்தும். பதற்றம் மிகுந்த குழந்தைகளுக்காகப் பிலிப் கெண்டல் உருவாக்கிய இவ்வகைத் திட்டம் 7 முதல் 13 வயதினருக்கானது, சுமார் 16 அமர்வுகள் கொண்டது. அதன் பிற்பகுதி முழுவதும், குழந்தை தான் பயப்படும் சூழலைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளும் பயிற்சியாகவே அமைந்திருக்கிறது.

சத்தம், துணியின் உரசல், கூட்டம் போன்றவற்றால் எளிதில் நிலைகுலையும் குழந்தைகளுக்கும், ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கும் அன்றாடச் செயல்களைச் செய்யப் பயிற்றுவிக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளரின் உதவி தேவைப்படலாம். புலனுணர்வு சார்ந்த பயிற்சிகளுக்கான ஆய்வு முடிவுகள் ஒரே சீராக இல்லை. எனவே, "காலையில் அழாமல் ஆடை அணிவது" போன்று அன்றாட வாழ்வில் கண்ணால் பார்க்கக்கூடிய இலக்கொன்றை வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. பேச்சு தாமதமான குழந்தை தன் தேவையைச் சொல்ல வழியில்லாமலே கோபப்படக்கூடும் என்பதால், அத்தகைய குழந்தைக்குப் பேச்சு மற்றும் மொழிச் சிகிச்சையாளரின் மதிப்பீடும் அவசியம்.

முதல் சந்திப்புக்கு முன்

"எப்போதும் கோபப்படுகிறான்" என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு எந்தச் சிகிச்சையாளராலும் திட்டமிட முடியாது. சந்திப்புக்கு முந்தைய இரண்டு வாரங்களில், ஒவ்வொரு கடினமான நிகழ்வுக்கும் முன்பு என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, அதன் பிறகு சுற்றியிருந்தவர்கள் என்ன செய்தார்கள், அடங்க எவ்வளவு நேரமானது என்பவற்றை நான்கு வரிகளில் குறித்துவையுங்கள். நேரத்தையும் எழுதுங்கள். பசி வேளையிலோ, பள்ளி விட்டு வந்த அரை மணி நேரத்திலோ, ஒரு செயலை நிறுத்தி இன்னொன்றுக்கு மாறும்போதோ பெரும்பாலானவை நிகழ்வதை அந்தக் குறிப்பே காட்டிவிடக்கூடும். அப்படித் தெரிந்தால், சிகிச்சை தொடங்குமுன்பே அந்த வேளையை மாற்றியமைக்கலாம்.

உறக்கத்தையும் கணக்கிடுங்கள். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்குப் பகல் உறக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 10 முதல் 13 மணி நேரமும், ஆறு முதல் பன்னிரண்டு வயதினருக்கு 9 முதல் 12 மணி நேரமும் உறக்கம் பரிந்துரைக்கப்படுகிறது. உறக்கம் குறைந்த குழந்தைக்கு எந்த நுட்பத்தைக் கற்பித்தாலும் அது நிலைப்பது கடினம். செவித்திறன் குறைபாடு, தொடர்ந்த வலி, குறட்டையுடன் கூடிய உறக்கக் கோளாறு போன்றவை இல்லை என்பதைக் குழந்தை மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சிகிச்சையாளரைத் தேர்ந்தெடுக்கும்போது, அவருடைய கல்வித் தகுதியையும் இந்த வயதுக் குழந்தைகளுடன் அவருக்கு உள்ள அனுபவத்தையும் தயங்காமல் கேளுங்கள். எந்த முறையைப் பயன்படுத்துவார், முன்னேற்றத்தை எப்படி அளப்பார், வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியதை எப்போது சொல்லித்தருவார், குழந்தை சொல்வதில் எதை உங்களிடம் பகிர்வார், எதைப் பகிரமாட்டார் என்பவையும் முன்பே தெரிந்திருக்க வேண்டியவை. இத்தனை வாரத்தில் குழந்தையை முழுதாக மாற்றிவிடுவதாக உறுதியளிப்பவரிடமும், பெற்றோரைச் சந்திக்கவே விரும்பாதவரிடமும் சிகிச்சையைத் தொடங்காதீர்கள்.

குழந்தையிடம் சொல்வதை ஒத்திப்போடக் கூடாது. "நீ செய்யும் சேட்டைக்காக ஒருவரிடம் கூட்டிச் செல்கிறோம்" என்று சொன்னால் சிகிச்சை அறை தண்டனைக் கூடமாகிவிடும். "பெரிய கோபம் வரும்போது உனக்கும் கஷ்டமாக இருக்கிறது, எங்களுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை, அதைக் கற்றுத்தருகிற ஒருவரிடம் நாம் எல்லோரும் போகிறோம்" என்று சொல்லலாம். அதில் பொய்யில்லை, பழியுமில்லை.

வீட்டில் செய்ய வேண்டியவை

எந்தத் திறனையும் குழந்தை அமைதியாக இருக்கும்போதுதான் கற்பிக்க முடியும். வெள்ளத்தில் தத்தளிப்பவருக்கு அங்கேயே நீச்சல் கற்பிக்க முடியாது. அதுபோலவே, கதறிக்கொண்டிருக்கும் குழந்தையிடம் "மூச்சை இழுத்து விடு" என்று சொல்வதும் பயன்படாது. அதற்கு முந்தைய அமைதியான நாள்களில் அந்த மூச்சுப் பயிற்சியைப் பலமுறை செய்திருந்தால்தான் நெருக்கடியில் அது கைகொடுக்கும்.

நாள்தோறும் ஐந்து நிமிடம் குழந்தையின் தலைமையில் விளையாடுவதிலிருந்து தொடங்குங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் கேள்வி கேட்காமல், கட்டளையிடாமல், திருத்தாமல், குழந்தை செய்வதை வாய்விட்டு விவரியுங்கள். அது சொல்வதைத் திருப்பிச் சொல்லுங்கள். பாராட்டும்போது எதைப் பாராட்டுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். "சமத்து" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "கோபுரம் சரிந்தும் நீ மறுபடி அடுக்க ஆரம்பித்தாயே" என்பது குழந்தைக்கு அதன் திறனையே எடுத்துக்காட்டுகிறது. அன்று குழந்தை எவ்வளவு மோசமாக நடந்திருந்தாலும் இந்த ஐந்து நிமிடத்தைத் தண்டனையாகப் பறிக்கக் கூடாது.

உணர்வுகளுக்குப் பெயரிடுவது அடுத்தது. "நீ கோபமாக இருக்கிறாய்" என்று முடிவுகட்டுவதைவிட, "உன் கை இறுகியிருக்கிறது, அவன் உன்னைச் சேர்த்துக்கொள்ளாததால் வருத்தமா, கோபமா?" என்று கேட்டால், குழந்தை உடலின் குறிப்பையும் காரணத்தையும் சேர்த்துக் கவனிக்கப் பழகும். மறுக்கவும் அதற்கு இடமிருக்கும். உங்கள் உணர்வுகளையும் இப்படிச் சொல்லுங்கள்: "தேடியது கிடைக்காததால் எனக்கு எரிச்சலாக இருக்கிறது, இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டுத் தேடுகிறேன்." பெரியவர் தன்னை நிலைப்படுத்திக்கொள்வதைக் கண்ணால் பார்ப்பதற்கு ஈடான பாடம் வேறில்லை. பெயர் சொல்லத் தெரியாத குழந்தைகளுக்கும் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்கும், ஒன்று முதல் ஐந்து வரையிலான அளவுகோலோ வண்ணப் படமோ சொல்லைவிட எளிதாக இருக்கும்.

மூச்சுப் பயிற்சிக்கு, குழந்தையைப் படுக்கவைத்து வயிற்றின்மேல் ஒரு சிறு பொம்மையை வைத்து, அது மெதுவாக ஏறி இறங்குவதைப் பார்க்கச் சொல்லலாம். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். மெதுவான வெளிமூச்சு இதயத் துடிப்பைத் தணிக்க உதவுகிறது. உறங்கப்போகும் வேளை இதற்கு ஏற்றது. எல்லாக் குழந்தைகளுக்கும் மூச்சுப் பயிற்சி ஒத்துவரும் என்றில்லை. சிலருக்குச் சுவரைத் தள்ளுவது, குதிப்பது, இறுக்கமாகப் போர்த்திக்கொள்வது போன்ற உடல்வழிகளே பொருந்தும். ஒவ்வொன்றையும் செய்துபார்த்துக் குழந்தையே இரண்டைத் தேர்ந்தெடுக்கட்டும். பத்து நுட்பங்களின் பட்டியல் எந்தக் குழந்தைக்கும் நினைவிருக்காது. தலையணையைக் குத்திக் கோபத்தைத் தீர்த்துக்கொள்ளச் சொல்வது பரவலாகத் தரப்படும் அறிவுரை. அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். தம்மைச் சினமூட்டியவரை நினைத்துக்கொண்டு குத்துப் பையைக் குத்தியவர்களுக்குக் கோபமும் தாக்கும் போக்கும் கூடியதைப் பிராட் புஷ்மன் பெரியவர்களிடம் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

காத்திருக்கக் கற்பிப்பதிலும் ஆய்வுகள் நமக்கு உதவுகின்றன. இப்போது ஒரு தின்பண்டமா, காத்திருந்தால் இரண்டா என்று குழந்தைகளைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன வால்டர் மிஷெலின் புகழ்பெற்ற சோதனைகளைப் பலர் அறிவார்கள். அதில் நீண்ட நேரம் காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் சிறந்து விளங்கினார்கள் என்ற செய்தியே அதிகம் பரவியது; 2018இல் இன்னும் பெரிய எண்ணிக்கையில் குழந்தைகளை வைத்து ஆராய்ந்தபோது, அந்தத் தொடர்பு முன்பு கருதப்பட்டதைவிட மிகவும் பலவீனமானது என்று தெரிந்தது. பெற்றோருக்குப் பயன்படுவது அந்தச் சோதனைகளின் வேறொரு பகுதி: கண்ணை மூடியும், திரும்பி உட்கார்ந்தும், பாட்டுப் பாடியும் கவனத்தை வேறுபக்கம் திருப்பிய குழந்தைகளால் அதிக நேரம் காத்திருக்க முடிந்தது. "பொறு" என்று மட்டும் சொல்லாமல், பொறுத்திருக்கும் நேரத்தில் கவனத்தை எங்கே வைப்பது என்பதையும் கற்பியுங்கள்.

இதனுடன், "இப்படி நடந்தால் நான் இப்படிச் செய்வேன்" என்ற வடிவில் ஒரே ஒரு திட்டத்தைக் குழந்தையுடன் சேர்ந்து வகுத்துக்கொள்ளுங்கள். பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்து விளக்கிய இந்த வடிவம், "இனிமேல் கோபப்பட மாட்டேன்" என்ற பொதுவான உறுதிமொழியைவிடச் செயலுக்கு நெருக்கமானது. "விளையாட்டில் தோற்றால், கைகளைக் கட்டிக்கொண்டு ஐந்துவரை எண்ணிவிட்டு, இன்னொரு ஆட்டம் கேட்பேன்" என்பதை வீட்டில் வேண்டுமென்றே தோற்கும் விளையாட்டாக நடித்துப் பார்க்கலாம்.

கோபம் உச்சத்தில் இருக்கும்போதும் அதன் பிறகும்

இத்தனைக்குப் பிறகும் வெடிப்புகள் நிகழும். அப்போது உங்கள் குரலைத் தாழ்த்துங்கள். குழந்தையின் உயரத்துக்குக் கீழே உட்காருங்கள். பிறருக்கும் குழந்தைக்கும் காயம் ஏற்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேச்சை இரண்டு மூன்று சொற்களுக்குள் நிறுத்துங்கள். "நான் இங்கேயே இருக்கிறேன்" போதும். விளக்கமும் விசாரணையும் அந்த நேரத்தில் குழந்தைக்குள் இறங்காது. உணர்வுக்கு எல்லையில்லை, செயலுக்கு உண்டு என்பதில் மட்டும் தளரக் கூடாது: "உனக்குக் கோபம் வரலாம், தம்பியை அடிக்க விடமாட்டேன்."

கேட்டது கிடைக்காமல் குழந்தை கத்த, சத்தம் தாங்காமல் பெரியவர் கொடுத்துவிட, கத்தினால் கிடைக்கும் என்று குழந்தையும் கொடுத்தால் ஓயும் என்று பெரியவரும் ஒரே நேரத்தில் கற்றுக்கொள்ளும் சுழலை ஜெரால்ட் பேட்டர்சன் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இந்தச் சுழலை உடைக்கத் தொடங்கும்போது, பழைய வழி ஏன் பலிக்கவில்லை என்று குழந்தை இன்னும் பலமாக முயல்வதால், நடத்தை சில நாள்கள் மோசமாகும். சிகிச்சை பலிக்கவில்லை என்று எண்ணிப் பல குடும்பங்கள் நிறுத்திவிடுவது இந்தக் கட்டத்தில்தான். தாத்தா பாட்டி உள்பட வீட்டிலுள்ள அனைவருக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஒருவர் மறுப்பதை இன்னொருவர் கொடுத்துவிட்டால், பலமாகக் கத்தினால்தான் கிடைக்கும் என்ற பாடமே மிஞ்சும்.

குழந்தை முழுதாக அடங்கி, ஓரளவு நேரமும் கடந்தபின், நடந்ததைச் சுருக்கமாகப் பேசுங்கள். எப்போது உடலில் முதலில் தெரிந்தது, எந்த இடத்தில் திட்டத்தை நினைவுபடுத்தியிருக்கலாம், உடைந்ததையோ புண்பட்டவரையோ சரிசெய்ய என்ன செய்யலாம் என்ற அளவில் பேச்சு முடியட்டும். நீங்கள் கத்திவிட்டிருந்தால் நீங்களும் மன்னிப்புக் கேளுங்கள். முறிந்த உறவை எப்படிச் சரிசெய்வது என்பதைக் குழந்தை அதிலிருந்தே கற்கிறது.

பள்ளியும் முன்னேற்றமும்

சிகிச்சையில் கற்பிக்கப்படும் அதே சொற்களையும் அதே அளவுகோலையும் வகுப்பு ஆசிரியரும் பயன்படுத்தினால் குழந்தைக்குக் குழப்பம் குறையும். நோயறிதலின் முழு விவரத்தையும் ஆசிரியரிடம் சொல்ல வேண்டியதில்லை. வகுப்பில் என்ன தூண்டுகிறது, என்ன உதவுகிறது, குழந்தை எந்தச் சைகை காட்டினால் சில நிமிடம் வெளியே சென்றுவர அனுமதிக்கலாம் என்பதைப் பகிர்ந்தால் போதும்.

முன்னேற்றத்தை அளக்கத் தொடக்கத்தில் எழுதிய குறிப்புகளையே பயன்படுத்துங்கள். வெடிப்புகளின் எண்ணிக்கை குறையுமுன்பே, அவற்றின் நீளம் குறைந்திருக்கலாம். அரை மணி நேரம் நீடித்தது பத்து நிமிடத்தில் முடியலாம். அடிப்பதற்குப் பதில் கத்துவதோடு நின்றிருக்கலாம். இவையெல்லாம் உண்மையான முன்னேற்றங்கள், ஆனால் எழுதிவைக்காவிட்டால் கண்ணுக்குத் தப்பிவிடும். எட்டு, பத்து அமர்வுகளுக்குப் பிறகும் எந்த மாற்றமும் தெரியாவிட்டால், இலக்கையோ முறையையோ மாற்ற வேண்டுமா, வேறு மதிப்பீடு தேவையா என்று சிகிச்சையாளரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. குழந்தை தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டாலும், பிறரைக் கடுமையாகத் தாக்கினாலும், வெடிப்புகள் வழக்கமாக இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், கற்றிருந்த பேச்சையோ பழக்கங்களையோ இழக்கத் தொடங்கினாலும் விரைவில் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்றோ தான் இல்லாமல் போவதே நல்லது என்றோ எந்த வயதுக் குழந்தை சொன்னாலும், அதை மிரட்டல் என்று ஒதுக்காமல், தனியே விடாமல், அன்றே அவசர உதவியை நாடுங்கள்.

இலக்குகள் நிறைவேறியதும் சிகிச்சையைச் சட்டென்று நிறுத்தாமல், வாரம் ஒன்று என்பதை இரண்டு வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதம் ஒன்று என்று இடைவெளியை நீட்டுவது வழக்கம். புதிய பள்ளி, வீடு மாறுதல், புதிய தம்பி தங்கையின் வரவு போன்ற மாற்றங்களின்போது பழைய நடத்தைகள் சில திரும்பக்கூடும் என்பதால், அத்தகைய காலங்களில் ஓரிரு அமர்வுகளுக்குத் திரும்பி வரலாமா என்பதைக் கடைசி அமர்வில் குழந்தையின் முன்னிலையிலேயே சிகிச்சையாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.